கம்பெனி பஸ்ஸில் ஏறாத அக்காக்கள்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் உள்ள ஊர்களில் அந்நேரத்துக்கு டீக்கடை மட்டும்தான் திறந்திருக்கும். அந்த ஒற்றை பல்பு வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் பை, ஈரம் காயாத தலைமுடி. கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பேச்சில்லாமல் ஏறுகிறார்கள். உட்கார்ந்ததும் பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறார்கள். ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று பஸ்கள் பிரிந்து போகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடை அலமாரியில் மின்னும் செல்போன்களில் ஒரு பங்கு இந்தக் கைகள் கோத்தவை.

அந்த பஸ்ஸுக்குள் முகங்களைப் பாருங்கள். பெரும்பாலும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள். முப்பது வயதைக் கடந்த பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தப் பெண்களின் அக்காக்கள் எங்கே? அவர்களில் பலர் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற பஸ்ஸில் போனவர்கள். கல்யாணம் பேசி முடித்ததும் நின்றார்கள். பிறகு குழந்தை. இப்போது அதே தெருவில், இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறார்கள். "இப்ப என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் அவர்களிடமிருந்து வரும் பதில் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "வேலைக்குப் போகல, சும்மாதான் இருக்கேன்."

ஒரு நாட்டின் பொருளாதாரம் எவ்வளவு வேகமாக வளரும் என்பதை முடிவு செய்யும் பெரிய கேள்விகளில் ஒன்று அந்தச் ‘சும்மா’வுக்குள் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

நூறு பேர் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அதில் நாற்பது பேர் சம்பாதிக்கிறார்கள்; ஆளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய். ஊரின் மொத்த வருமானம் 20,000. தலைக்கு 200. இப்போது இன்னும் பத்துப் பேர் அதே 500 ரூபாய் வேலைக்குப் போகிறார்கள் என்றால் மொத்தம் 25,000, தலைக்கு 250. ஒருவர்கூடக் கூடுதல் திறமையைக் கற்கவில்லை, புது மெஷின் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ஊரின் வருமானம் நாலில் ஒரு பங்கு கூடிவிட்டது.

உழைப்பாளர் பங்கேற்பு விகிதம் என்று பொருளாதாரத்தில் சொல்வது இதைத்தான். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், அல்லது வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. வளரும் நாடு ஒன்று ஏழ்மையிலிருந்து ஏறி வருகிற முதல் சில பத்தாண்டுகளில் இந்த விகிதம் போல உந்தித் தள்ளும் விசை வேறு அதிகம் இல்லை.

இதற்குக் கண்ணெதிரே நடந்த சாட்சி சிங்கப்பூர். 1966-ல் அந்நாட்டு மக்களில் வேலை பார்த்தவர்கள் 27 சதவீதம். 1990-ல் 51 சதவீதம். பிறப்பு குறைந்தது, பெண்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் வந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் சம்பாதிக்கும் கைகளின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பானது. கிழக்காசிய ‘அதிசயம்’ என்று உலகம் வியந்ததைப் பொருளாதார அறிஞர் ஆல்வின் யங் 1995-ல் பிரித்துப் பார்த்தபோது, அந்த வளர்ச்சியின் பெரும்பகுதிக்கு மாயம் எதுவும் தேவைப்படவில்லை என்று தெரிந்தது. அதிகமானோர் வேலைக்கு வந்தார்கள், அதிகம் படித்தார்கள், அதிக முதலீடு போடப்பட்டது. ஆனால் இந்த ஏணியில் ஒருமுறைதான் ஏற முடியும். 27-ஐ 51 ஆக்கலாம். 51-ஐ 102 ஆக்க முடியாது. ஆகவே ஏறுகிற காலத்தில் ஏறிவிட வேண்டும்.

அந்தச் சின்னக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. புதிதாக வந்த பத்துப் பேரும் ‘அதே 500 ரூபாய் வேலைக்கு’ப் போனார்கள் என்று வைத்துக்கொண்டோம். அப்படியில்லாமல், நாலு பேர் களை எடுத்த வயலில் ஆறு பேராக இறங்கினால்? வயல் அதேதான், விளைச்சல் அதேதான். கணக்கெடுப்பில் இரண்டு பேர் கூடியிருப்பார்கள். ஊரின் வருமானத்தில் ஒரு ரூபாயும் கூடியிருக்காது. செயின்ட் லூசியா தீவில் பிறந்து, 1979-ல் பொருளாதார நோபல் பெற்ற ஆர்தர் லூயிஸ் 1954-லேயே இதைப் பேசினார். ஏழை நாடுகளில் நிலத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் தேங்கிக் கிடக்கிறார்கள், அவர்கள் தொழிலுக்கு நகரும்போதுதான் வளர்ச்சி பிறக்கிறது என்றார். அப்படி நகரக்கூடியவர்களின் பட்டியலில் வீட்டுக்குள் இருக்கும் மனைவியரையும் மகள்களையும் அவர் தனியாகக் குறிப்பிட்டார். எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தக் குறிப்பு இன்றைய இந்தியாவுக்கு அப்படியே பொருந்துகிறது.

இறங்கி ஏறிய எண்

இந்தியாவின் கதை வினோதமானது. 2004-05-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் அளவில் உழைப்பாளர் கணக்கில் இருந்தார்கள். 2011-12-ல் அது 31-க்கு இறங்கியது. 2017-18-ல் 23.3. நாட்டின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்த அதே ஆண்டுகளில் பெண்கள் வேலையிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் ஒன்றல்ல. பதினைந்து முதல் இருபது வயதுப் பெண்கள் வயலுக்குப் பதில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள். அந்தச் சரிவை இழப்பு என்று சொல்லக் கூடாது. ஆனால் மற்ற காரணங்கள் கசப்பானவை. காவிரிப் படுகையில் ஐம்பது வயதைக் கடந்த எந்த விவசாயத் தொழிலாளி அம்மாவிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். நடுவது, களை எடுப்பது, அறுப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. நடவுக்கு மெஷின் வந்தது. களைக்கு மருந்து வந்தது. அறுவடைக்குப் பெல்ட் வண்டி வந்தது. வண்டியை ஓட்டுபவர் ஆண். இருபது பெண்கள் வரிசையாக நின்று அறுத்த வயலை அவர் ஒருவரே முடித்துவிட்டுப் போகிறார். பயிர்த்தொழிலுக்கு அது முன்னேற்றம்தான். ஆனால் அந்த இருபது பேருக்கு ஊருக்குள் வேறு வேலை வரவில்லை. ஆண்கள் கட்டட வேலைக்குத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினார்கள். பெண்கள் வீட்டோடு நின்றார்கள்.

இன்னொரு காரணத்தைச் சத்தமாகச் சொல்ல நமக்குக் கூச்சம். கணவனின் வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் மனைவியை வேலையிலிருந்து நிறுத்துவது குடும்ப கௌரவமாகக் கருதப்படுகிறது. "எம்பொண்டாட்டிய வேலைக்கு அனுப்புற நெலமைல நான் இல்ல" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஏழை நாடு வளரும்போது பெண்களின் பங்கேற்பு முதலில் இறங்கும், பிறகு படிப்பும் அலுவலக வேலைகளும் பெருகும்போது ஏறும் என்று காட்டியவர். இறங்குவது இயல்பு என்று அதை வைத்து ஆறுதல் சொல்வோர் உண்டு. எனக்கு அந்த ஆறுதலில் உடன்பாடில்லை. ஏறுகிற பாதி தானாக வராது. ஏறுவதற்கான படிக்கட்டை யாராவது கட்ட வேண்டும்.

வேலைக்குப் போக விருப்பம் இருந்தும்தான் பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேடவே வேண்டாம். நூறு நாள் வேலை போதும். 2005-ல் சட்டம் வந்து, ஊர் எல்லைக்குள்ளேயே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வேலை கொடுத்தபோது, தமிழ்நாட்டில் ஏரிக்கரையில் மண்வெட்டியோடு வந்து நின்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.

பிறகு எண் மீண்டும் ஏறியது. மத்திய அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி 2017-18-ல் 23.3 ஆக இருந்த பெண்களின் பங்கேற்பு 2023-24-ல் 41.7. கிராமங்களில் 24.6-லிருந்து 47.6. நகரங்களில் 20.4-லிருந்து 28. ஆண்களின் விகிதம் 78.8. ஆறே ஆண்டில் பதினெட்டுப் புள்ளி ஏற்றம் என்பது சிங்கப்பூர் வேகத்தையே மிஞ்சுவது. மேடைகளில் இதைச் சாதனையாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் நூற்றுக்குப் பதினெட்டு இந்தியப் பெண்கள் புதிதாகச் சம்பளம் வாங்கத் தொடங்கிவிட்டார்களா?

இல்லை. எண்ணுக்குள் இறங்கிப் பார்த்தால் தெரியும். வேலை பார்க்கும் பெண்களில் ‘சுயதொழில்’ செய்பவர்களின் பங்கு இதே ஆண்டுகளில் 51.9-லிருந்து 67.4 சதவீதமாக உயர்ந்தது. மாதச் சம்பளக்காரப் பெண்களின் பங்கு 21-லிருந்து 16 அளவுக்கு இறங்கியது. சுயதொழில் என்றதும் கடை வைத்திருக்கும் பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டாம். உழைக்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளம் இல்லாமல் கைகொடுப்பவர்கள்.

என் அத்தையை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு கறவை மாடு. நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருவார். மாலையில் மறுபடி. கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து "நீங்க என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டபோது, உள்ளேயிருந்து "நான் சும்மாதான் இருக்கேன்" என்றார். பால் பணம் மாமா பெயரில் வந்துகொண்டிருந்தது. விதிப்படி, ஆண்டில் முப்பது நாள் அளவுக்கு இத்தகைய வேலை செய்திருந்தாலே அவரை உழைப்பாளர் என்று எழுதிக்கொள்ளலாம். விவரமான ஒருவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அத்தை ‘வேலையில் இருப்பவர்’ ஆகியிருப்பார். அப்படி எழுதுவது சரி, நியாயம். ஆனால் அந்த எழுத்தால் மாடு ஒரு லிட்டர் பால் கூடுதலாகக் கறந்துவிடாது. அத்தையின் கையில் ஒரு ரூபாய் சேர்ந்துவிடாது. இந்தியாவின் புது ஏற்றத்தில் ஒரு பகுதி இத்தகையது. இன்னொரு பகுதி, வீட்டு வருமானம் போதாமல் கிடைத்த வேலையில் இறங்கியவர்கள். கிராமத்தில் வேலை பார்க்கும் பெண்களில் நாலில் மூன்று பேர் இன்னும் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள்.

நூற்றுக்கு ஆறு பேர், நூற்றுக்கு 43 பேர்

இதோடு தமிழ்நாட்டை ஒப்பிட வேண்டும். 2019-20-ம் ஆண்டுக்கான தொழிற்சாலைகள் ஆய்வு நாடு முழுவதும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் 15.8 லட்சம் என்று சொன்னது. அவர்களில் 6.79 லட்சம் பேர் தமிழ்நாட்டில். அதாவது 43 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் நமது பங்கு ஆறு சதவீதம் அளவுதான்.

இது ஓர் அரசின், ஓர் ஆண்டின் வேலை கிடையாது. அரை நூற்றாண்டாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது, பிள்ளைக்கு மதியச் சோறு உறுதியானதோடு, சமைக்கும் வேலை பல்லாயிரம் கிராமப் பெண்களுக்குக் கிடைத்த முதல் அரசு வேலையாகவும் ஆனது. மண் ரோட்டு ஊருக்கும் டவுன் பஸ் போனது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் பெண்களை வங்கி மேனேஜர் முன்னால் உட்கார வைத்தன. 2021-22-ல் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டில் 28.4 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 47. பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. தொழில் ஒரே நகரத்தில் குவியவில்லை. திருப்பூரில் பனியன், திண்டுக்கல்லில் நூல், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணி, செய்யாற்றில் ஷூ, ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மின்னணு. பஸ் தூரத்தில் வேலை இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு அது வேலை. அதற்கு மேல் இருந்தால் அது செய்தித்தாளில் படிக்கும் விஷயம்.

2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லா பஸ் பயணத்தை, பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்றதை, இந்தக் கோணத்தில்தான் நான் பார்க்கிறேன். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. ஜவுளிக்கடையில் நின்று விற்கும் பெண்ணுக்கு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. ‘ஓசி பஸ்’ என்று கேலி செய்தவர்கள் கவனிக்கத் தவறியது இதை: டிக்கெட் காசு இல்லையென்றால் நாலு ஸ்டாப் தள்ளி நல்ல கூலி தரும் வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பு பஸ் காசைக் கழித்துப் பார்த்து, பக்கத்துத் தெருவிலேயே பாதிக் கூலிக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

விடுதியும் அப்படித்தான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தனியார் விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, நூறு பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தபோது, தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்கள் இரவெல்லாம் ரோட்டில் இருந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதிக் குடியிருப்பு திறக்கப்பட்டது. அரசுப் பணத்தில் தொழிற்சாலைக்கு ஏன் விடுதி என்று கேட்கலாம். விழுப்புரத்திலோ தருமபுரியிலோ இருக்கும் ஓர் அப்பா தன் மகளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது சம்பளத்தைக் கேட்டு மட்டும் இல்லை. எங்கே தங்குவாள் என்று கேட்டுத்தான்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது நம் மேல் உள்ள கறை. மூன்று ஆண்டு வேலை பார், கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஏழைப் பெற்றோரிடம் சொல்லி, பெண்களை மில் விடுதிக்குள் அடைத்து, வெளியே விடாமல், இடையில் நின்றால் பணம் இல்லை என்று கசக்கினார்கள். 2021-ல் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்ட பின், தொழிற்சங்கப் பெண்கள் ஓராண்டு போராடி 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் சொல்லும் பெண்ணைப் பாதுகாக்கும் பொறுப்பை ஆலையோடு சேர்த்து, அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள் மீதும் அது வைத்தது. 2021-ல்தான், கடையில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. வங்கதேசத்தை ஆடை ஏற்றுமதி நாடாக நிமிர்த்தியவர்கள் பெண்கள். அங்கே 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்ததை மறந்துவிட்டு, ஏற்றுமதி எண்ணை மட்டும் பார்த்து யாரும் வளர்ச்சி என்று பேசக் கூடாது.

கல்யாணம் என்ற சுவர்

பாதுகாப்பு, கூலி, விடுதி எல்லாம் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பஸ் இருபத்தைந்து வயதில் நின்றுவிடுகிறது. என் கவலை முழுக்க இங்கேதான்.

தொழிற்சாலையில் ஒரு பெண் வேலை கற்றுக் கை தேறுவதற்கு இரண்டு ஆண்டு ஆகிறது. மூன்றாம் ஆண்டில் அவள் வேகம் கூடுகிறது, பிழை குறைகிறது, பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். லைன் லீடர் ஆகும் நேரத்தில் நின்றுவிடுகிறாள். அவள் இடத்துக்குப் புதுப்பெண் வருகிறாள், மறுபடி அரிச்சுவடியிலிருந்து. கம்பெனிக்கு இது வசதி. எப்போதும் ஆரம்பச் சம்பளமே கொடுத்தால் போதும். நாட்டுக்குப் பெரிய நட்டம். ஒரு பெண் 18 வயதிலிருந்து 58 வரை நாற்பது ஆண்டு உழைக்கக்கூடியவள். நாம் அதில் ஐந்தாண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பங்கேற்பு விகிதம் என்ற எண்ணை உயர்த்த இரண்டு வழி உண்டு: புதிதாக ஆட்களைக் கொண்டுவருவது, வந்தவர்களைத் தக்கவைத்துக்கொள்வது. முதலாவதைத் தமிழ்நாடு செய்து காட்டிவிட்டது. இரண்டாவதில் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஏன் நிற்கிறாள் என்பதற்கு அவளுடைய ஒரு நாளைப் பார்த்தால் போதும். 2019-ல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம். வீட்டுவேலை செய்யும் ஆண் 97 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். 2024-ல் மறுபடி கேட்டார்கள். பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்து 289 ஆனது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்து 88 ஆனது.

ஐந்து மணி நேர வீட்டுவேலை, எட்டு மணி நேர ஷிஃப்ட், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு பிள்ளைக்கு எது மிச்சம், தூக்கத்துக்கு எது மிச்சம்? அவள் வேலையை விட்டதைத் ‘தனிப்பட்ட முடிவு’ என்று எப்படிச் சொல்வது?

அந்த ஐந்து மணி நேரம் நாட்டு வருமானக் கணக்கில் வருவதில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டால் ஜிடிபி ஏறும். வீட்டில் சாப்பிட்டால் ஏறாது. சமைத்தது ஒரே கையாக இருந்தாலும் அப்படித்தான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். ‘சும்மா இருந்த’ பெண் எதையெல்லாம் தாங்கினாள் என்பதை ஒரு நீதிமன்றம் எண்ணிச் சொன்னது. பொருளாதாரத் திட்டமிடுபவர்கள் இன்னும் எண்ணவில்லை.

வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதும் முடிவை மாற்றுகிறது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பு எனக்கு மறக்கவே மறக்காது. வேலைக்குப் போகாத மாமியார் உள்ள வீட்டில், மாமியார் இல்லாத வீட்டைவிட மருமகள் வேலைக்குப் போவது குறைகிறது. மாமியாரும் வேலைக்குப் போகிறவர் என்றால் மருமகள் வேலைக்குப் போகும் வாய்ப்பு கிராமத்தில் 50 சதவீதமும் நகரத்தில் 70 சதவீதமும் கூடுகிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதைவிட, வேலைக்குப் போன பெண் ஒருத்தி அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பது வலிமையானது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். இன்று வேலையில் நீடிக்கும் ஒரு பெண், இருபத்தைந்து ஆண்டு கழித்து இன்னொரு பெண்ணை வேலைக்கு அனுப்புகிறாள். இன்று நிற்கும் ஒருத்தியோடு அந்தத் தொடரும் நின்றுபோகிறது.

அவசரம் இருக்கிறது. 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைக்கும் குறைவாகவே பிறக்கிறது. பஸ் ஏறப் புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பெண்களின் எண்ணிக்கை இனி ஆண்டுக்கு ஆண்டு குறையத்தான் செய்யும். திருப்பூர்ப் பக்கம் ஆலைகள் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பெண்களை அழைத்துவந்து விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குகின்றன. அவர்கள் வரட்டும், அவர்களுக்கும் நியாயமான கூலி கிடைக்கட்டும். அதே ஆலையின் சுவருக்கு வெளியே, தையல் தெரிந்த, ஐந்தாண்டு அனுபவம் உள்ள உள்ளூர்ப் பெண் வீட்டு வாசலில் உட்கார்ந்து பீஸுக்குச் சில காசு என்று பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையை விட இடமில்லை என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் இல்லை.

பூட்டிய அங்கன்வாடி

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்ற விதி 2017-ல் மகப்பேறுச் சட்டத் திருத்தத்தில் வந்தது. பெண்களில் பெரும்பாலோர் வேலை பார்ப்பது அதைவிடச் சின்ன இடங்களில். பெரிய ஆலையில் காப்பகம் இருந்தாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? காப்பகம் வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊருக்குள் இருக்க வேண்டும்.

ஊருக்குள் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். நாட்டுக்கே முன்னுதாரணம் என்று சொல்லப்படும் ஏற்பாடு. ஆனால் அங்கே முன்பருவக் கல்விக்கு எடுத்துக்கொள்வது இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை. முதல் ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்தில் அது பூட்டியிருக்கிறது. பொது ஷிஃப்ட் முடிந்து தாய் ஊர் திரும்பும் முன்பே மறுபடி பூட்டிவிடுகிறார்கள். தாய் வேலைக்குப் போவாள் என்று நினைத்து வகுத்த நேரம் அது கிடையாது. தாய் வீட்டில்தான் இருப்பாள், பிள்ளைக்குச் சத்துமாவும் பாட்டும் கிடைத்தால் போதும் என்று வகுத்த நேரம்.

நேரத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் பசிக்காக வந்தது. ஆறு மணிக்கே கட்டட வேலைக்கும் கொத்து வேலைக்கும் கிளம்பும் தாய்க்கு அது விடியற்காலையில் ஒரு மணி நேரத்தைக் கொடுத்தது. பக்கத்தில் கர்நாடகம், நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்காகக் கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனே’ என்ற காப்பகங்களைத் திறந்தது.

அரசிடம் கேட்பது இதுதான். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர், திண்டுக்கல், ராணிப்பேட்டை, இந்த ஐந்து பகுதிகளில் மட்டுமாவது முதலில் தொடங்குங்கள். கம்பெனி பஸ் நிற்கும் ஊர்களில் அங்கன்வாடியைக் காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு எட்டு வரை நடத்துங்கள். ஆறு மாதக் குழந்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் ஊழியர், உதவியாளர் தலையில் இதை ஏற்றாதீர்கள். அவர்களும் குறைந்த ஊதியத்தில் தேய்ந்துகொண்டிருக்கும் பெண்கள்தான். இரண்டாவது ஷிஃப்ட்டுக்குத் தனி ஆள் போட்டு, முழுச் சம்பளம் கொடுங்கள். ஒரு மையத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு வேலை. அவர்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் தாய்மார்கள் பத்துப் பதினைந்து பேர் பஸ் ஏறலாம். மேம்பாலத்துக்கும் சிப்காட் சாலைக்கும் ஒதுக்குவது போலவே இதற்கும் மூலதனச் செலவு என்று தலைப்பிட்டு ஒதுக்குங்கள். ஆலைகளிடமிருந்தும் ஒரு பங்கைக் கேட்டு வாங்குங்கள். கை தேறிய தொழிலாளி திரும்பி வருவதில் அதிக லாபம் அவர்களுக்குத்தான்.

வீட்டு ஆண்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. 88 நிமிடம் என்பது நம் கணக்கு. அடுத்த முறை கணக்கெடுக்க வருபவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது அந்த எண் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். அவர் உள்ளே பார்த்து "நீங்க என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால், பதிலை அந்தம்மாவே சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.